பிளாக்செயினில் பதிவுசெய்ய ஆகும் கேஸ் கட்டணத்தைப் பயனாளர் தலையில் கட்டாமல் இருக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. பாலிகான் என்ற பிளாக்செயினில் பள்ளிச் சான்றிதழ்களுக்கு ஓர் ஆப் எழுதுகிறேன். சரிபார்க்கச் செலவில்லை; பதிவேற்றத்தான் கேஸ் வேண்டும். ஆசிரியரின் கிரிப்டோ வாலட்டில் கேஸ் கட்டத் தேவையான பிஓஎல் டோக்கன் இல்லையென்றால் பட்டனை அழுத்தியதும் "போதிய இருப்பு இல்லை" என்று நின்றுவிடுகிறது. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் கேஒய்சி கொடுத்து டோக்கன் வாங்குங்கள் என்று ஓய்வுபெறப் போகும் தலைமையாசிரியரிடம் சொல்வது நியாயமே இல்லை.

இஆர்சி-4337 என்ற ஸ்மார்ட் கணக்குத் தரநிலைப்படி பேமாஸ்டர் (பயனாளருக்காகக் கேஸ் கட்டும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் நிரல்) வைத்தால் கட்டணத்தை நாமே ஏற்கலாம். ஆனால் யாராவது ஸ்கிரிப்ட் எழுதி, அதில் போட்ட டெபாசிட்டை வழித்தெடுத்துவிட்டால்? ஒவ்வொரு முகவரிக்கும் தினசரி வரம்பு போதுமா, நம் சர்வரின் கையொப்பம் இருந்தால்தான் அனுமதி என்று வைப்பதா? நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். 2024 செப்டம்பரில் பாலிகானின் பழைய டோக்கனான மேட்டிக் பிஓஎல் ஆன பிறகு எழுதிய கோடு மாதிரி இருந்தால் பெரிய உதவி.