மூணு மாசப் பாப்பா குடித்த பாலையெல்லாம் கக்குகிறாள், என்ன செய்ய?

தக்கலை அம்மா:
பாப்பாவுக்கு மூணு மாசம் முடிந்து நாலு நடக்கிறது, தாய்ப்பால் மட்டும்தான். தோளில் போட்டு ஏப்பம் எடுக்கும்போது கொஞ்சம் கக்குவது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான், சரி. ஆனால் இவளுக்கு அரை மணி நேரம் கழித்தும் திரிந்த பால் குபுக்கென்று மூக்கு வழியாகக்கூட வருகிறது. இப்போது மாரில் போட்டதும் இரண்டு வாய் குடித்துவிட்டு முதுகை வளைத்துக்கொண்டு ஒரே அழுகை. ராத்திரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தே கிடக்கிறேன். மாமி வசம்பு உரைத்துக் கொடு என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா மட்டி வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தால் வயிற்றில் நிற்கும் என்கிறார். டாக்டர் சரியாகப் பார்க்காமலே டொம்பெரிடோன் சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிட்டார். கொடுக்கவா வேண்டாமா? தலைமாட்டில் தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்கப் போடலாமா?

குளச்சல்காரி:
முதலில் எடையைச் சொல் மக்கா. என் மூத்தவன் கக்காத சேலை வீட்டில் கிடையாது, ஆனால் எடை நன்றாக ஏறியது, சிரித்துக்கொண்டே கக்குவான், உட்காரத் தொடங்கியதும் தானாகக் குறைந்தது. பால் குடித்ததும் கொஞ்ச நேரம் நிமிர்த்தித் தூக்கி வைத்திரு, வயிறு அமுங்க மடியில் உட்கார வைக்காதே. ஒரேயடியாக நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்துப் பார். மட்டிப்பழம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் அதற்கு ஆறு மாசம் ஆகட்டும்.

நாகர்கோவில் நர்ஸ்:
தலையணை வேண்டவே வேண்டாம். சாய்வாகப் போட்டால் பிள்ளை சறுக்கி வந்து தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். கக்குகிற பிள்ளையையும் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கத்தான் போட வேண்டும், மல்லாந்து கிடந்தால் புரையேறும் என்று வீட்டில் பயப்படுவார்கள், ஆனால் ஆரோக்கியமான பிள்ளைக்குத் தொண்டை அதைத் தானே தடுத்துக்கொள்ளும். நீங்களும் சுவரில் சாய்ந்தபடி அவளை மாரில் வைத்துத் தூங்கிப் போகாதீர்கள், அதுவும் ஆபத்து, ராத்திரி வேறு யாராவது மாறி மாறித் தூக்கட்டும்.

எதுக்களிப்பு நாலு மாச வாக்கில்தான் உச்சத்தில் இருக்கும், ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். காரணம், உணவுக்குழாயின் அடிவாய் இன்னும் இறுக்கமாக மூடப் பழகவில்லை, பிள்ளை படுத்தே கிடக்கிறது, சாப்பாடும் தண்ணீராகவே இருக்கிறது. எடை ஏறினால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. முதல் மூணு மாசம் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும், அதற்குப் பிறகு வேகம் கொஞ்சம் குறையும். டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியை நிறுத்துவதிலும் பலன் உறுதியாகவில்லை என்று பிரிட்டனில் 2019இல் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான அனுமதியை எடுத்துவிட்டார்கள், நம்ம ஊரில் இன்னும் எழுதுகிறார்கள். கொடுக்கும் முன் இன்னொரு குழந்தை டாக்டரிடம் கேளுங்கள், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜிலும் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. வசம்பைத் தொடவே கூடாது, மாமியிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் பச்சையாகவோ ரத்தமாகவோ கக்கினால், எட்டத் தெறிக்கிற மாதிரி ஒவ்வொரு முறையும் வாந்தி வந்தால், மூத்திரம் குறைந்தால், காய்ச்சல் வந்தால், பிள்ளை துவண்டு கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மார்த்தாண்டம் அப்பா:
முதுகை வளைத்து அழுவது எங்கள் பயலுக்கும் இருந்தது, கூடவே மலத்தில் சளியும் ரத்தக் கோடும். திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம் என்று வீட்டுக்காரியைப் பால் பொருளையே நிறுத்தச் சொன்னார். இரண்டிலிருந்து நாலு வாரம் நிறுத்திப் பார்த்து, அப்புறம் மறுபடி சேர்த்தால்தான் அதுதானா என்று உறுதியாகும். பாலைக் குடித்தால்தான் பால் ஊறும் என்று அவள் அம்மா ஒரே சண்டை. பால் சாயா போய்க் கட்டன் சாயா வந்தது, மோர், நெய் எல்லாம் நிறுத்தம், பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பால் பவுடர்! தேங்காய்ப்பால் பிரச்சினையில்லை, சுண்ணாம்புச் சத்துக்கு முள்ளோடு நெத்திலியும் கேழ்வரகும். எல்லாக் கக்கலுக்கும் இதைச் செய்யக் கூடாது, டாக்டர் சொன்னால் மட்டும். மலத்தைப் பார்த்தீர்களா?

தக்கலை அம்மா:
மலம் மஞ்சள்தான், ரத்தம் இல்லை. பத்தாவது வார ஊசிக்கு 4.6 கிலோ இருந்தாள், இன்று அங்கன்வாடியில் தூக்கிப் பார்த்ததில் 5.2. பச்சையாகக் கக்கியதில்லை, மூத்திரமும் நன்றாகப் போகிறாள். மருந்தை இன்னும் திறக்கவில்லை. குடித்ததும் சேலைத் தொட்டிலில் போட்டால் பிரச்சினையா?

நாகர்கோவில் நர்ஸ்:
எடை சரியாகத்தான் ஏறியிருக்கிறது, பெரிய பயம் வேண்டாம். ஆனால் முதுகை வளைப்பதையும் பால் மறுப்பதையும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனால் சமர்த்தாகச் சிரிப்பாள். தொட்டிலில் உடம்பு சுருண்டு வயிறு அமுங்கும், குடித்த உடனே வேண்டாம், ராத்திரித் தூக்கத்துக்கும் தொட்டில் வேண்டாம், தரையில் கெட்டிப் பாய் விரித்துப் போடுங்கள்.