பேணிக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் கால்நடைத் தீவன வேலைக்கு வந்து பதினோரு வருடமாகிறது. இன்றைக்கும் படலையைத் திறந்தால் "மாட்டு டொக்டர் வந்திட்டா" என்ற குரல்தான். எனக்கு ஊசி போடத் தெரியாது, மாடு என்ன தின்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை என்றால், "அதுக்கும் ஒரு படிப்பே?" என்று சிரிப்பார்கள். அந்தப் படிப்பு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்று சொல்ல ஒரு வீடு போதும்.

2021 ஜூலை, அராலிப் பக்கம். அறுபது தாண்டிய ஓர் அம்மா, ஒரு ஜேர்சிக் கலப்புப் பசு, மூன்று மாத நாகு கன்று. பால் கொடுக்கும் இடத்தில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று சொல்லி விலையைக் குறைத்துவிட்டார்கள். காசைவிட அந்தச் சொல்தான் அவரைச் சுட்டிருந்தது. "பிள்ளையாராணை, ஒரு சொட்டும் கலக்கேல்லை பிள்ளை" என்று சீட்டை நீட்டினார்.

கொழுப்பு 2.6 வீதம். கொழுப்பற்ற திண்மம், அதாவது தண்ணீரும் கொழுப்பும் போக பாலில் மிஞ்சுவது, 8.4. தண்ணீர் விட்டால் இரண்டும் சேர்ந்து இறங்கவேண்டும். இங்கே கொழுப்பு மட்டும் விழுந்திருக்கிறது. அம்மா சொன்னது உண்மை. அப்போ பிழை தொட்டியில்தான் என்று நினைத்தேன்.

என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "காலமை ரெண்டு பேணி தவிடு, ஒரு பேணி பிண்ணாக்கு. பின்னேரமும் அப்பிடித்தான்." பேணி, அதாவது தகரக் குவளை, என்றதும் நான் கொப்பியில் சின்னப் பால்பேணி அளவைப் போட்டுக் கணக்கைத் தொடங்கிவிட்டேன். இது காணாதே, மாடு இதைவிட மெலிந்திருக்க வேண்டுமே என்று சந்தேகம் வந்த பிறகுதான் பேணியைக் காட்டச் சொன்னேன். பெரிய மாப்பேணி! தூக்குத் தராசில் கொளுவினால் தவிடு மட்டும் பேணிக்கு 900 கிராம். நாளுக்கு ஆறு லீற்றர் கறக்கும் மாட்டுக்கு தவிடு, பிண்ணாக்கு மாதிரியான அடர்தீன் இரண்டரை, மூன்று கிலோ போதும். இங்கே ஐந்தைத் தாண்டிப் போகிறது. புல்லோ கோடையில் ஒரு கைக்கட்டு. சாணம் கஞ்சி மாதிரிக் கிடந்தது, மாடு படுத்திருந்தும் அசை போடவில்லை.

நாரை நொதிக்க வைக்கும்போது வயிற்றில் உண்டாகும் அசற்றிக் அமிலத்திலிருந்துதான் பாற்கொழுப்பில் பெரும்பங்கு உருவாகிறது. நார் குறைந்து மாவு கூடினால் வயிறு புளித்துக் கொழுப்பு விழும். பட்டிப்பொங்கலன்று பாசத்தில் பானைப் பொங்கலையும் வைத்து மாட்டை விழுத்துவதும் இதே புளிப்புத்தான், அங்கே அது உயிருக்கே வந்துவிடும்.

புத்தகத்தில் உள்ள மருந்து யூரியா போட்ட வைக்கோல்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிவைப்பது. ஆனால் அந்த வருடம் மே மாதத்தோடு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். பயிருக்கே யூரியா இல்லை, மாட்டுக்கு எங்கே போவது? சரி, வளவில் இருப்பதைப் பார்ப்போம் என்றேன். பனையோலையைக் கிழித்துப் போடுவது, வெறும் வைக்கோலை நனைத்து வைப்பது, வேலியில் நின்ற சீமைக்கிளுவைக் குழையை வெட்டி வாட விட்டு வைப்பது (பச்சையாக வைத்தால் மணத்துக்கு முகத்தைத் திருப்பும்), தவிட்டைப் பாதியாக்குவது. பனையோலை அந்த அம்மாவின் தகப்பன் காலத்து வழக்கம்தான். நான் படித்துவிட்டு வந்து அதைத் திருப்பிச் சொன்னதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். சாணம் இறுகியிருந்தது, அசை போட்டது. கொழுப்பு 3.0. அவ்வளவுதான். மூன்றரைக்கு ஏறவேண்டிய மாடு. கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிழை பிடிபடவில்லை.

கடைசியில் விடியப்புறம் போய்க் கொட்டிலில் குந்தியிருந்து பால் கறப்பதைப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மடி இன்னும் முழுதாகத் தளரவில்லை, அம்மா வாளியை எடுத்துவிட்டுக் கன்றை அவிழ்த்தார். "கடைசிப் பால் கண்டுக்கு. அது தாயின்ர பால், பிள்ளை. எங்கட பாலே?"

முதல் பால் நீர்த்தது. கொழுப்பு கடைசிப் பாலில்தான் திரளும். வாளியில் போனது முதல் பால், கொழுப்பை இத்தனை நாளும் குடித்தது கன்று. கன்று கொழுகொழுவென்று நின்றதை வந்த அன்றே பார்த்தவள்தான் நான். பார்த்து, நல்ல கன்று என்று தட்டியும் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் ஒட்டக் கறவுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார். மூன்று முலையை ஒட்டக் கறப்பது, ஒன்றைக் கன்றுக்கு அப்படியே விடுவது என்று பேசி முடித்தோம். அடுத்த கிழமைச் சீட்டில் 3.7. அதைக் கொண்டுபோய்ப் பால் கொடுக்கும் இடத்தில் வைத்து, "இப்ப நான் தண்ணியை எடுத்துப்போட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

எந்த முலை கன்றுக்கு என்று கேட்டேன். பின்பக்கத்தில் பெரிதாக நின்றதைத் தடவிக் காட்டினார். பின்மடியில்தான் பால் கூட என்று அவருக்குத் தெரியாதா என்ன.