கான்சஸ் சமவெளியில் சாலைப் பயணம்: யாருக்காக எந்த ஊரில் இறங்கலாம்?

கேள்வி:
வணக்கம். ஜூன் மாதம் கான்சஸ் சிட்டியிலிருந்து டென்வர் வரை குடும்பத்துடன் காரில் செல்லவிருக்கிறோம். ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 600 மைல். வழியில் கோதுமை வயலைத் தவிர ஒன்றுமில்லை, ஒரே மூச்சில் ஓட்டிவிடுங்கள் என்றே நான் விசாரித்த எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சிற்றூர்கள் தம்மவர் என்று கொண்டாடும் மனிதர்களை அறிந்துகொண்டு போகவே விரும்புகிறேன். வழியில் ஓரிரவு தங்க முடியும். மகளுக்கு வானியலில் ஆர்வம் மிகுதி. எங்கே நிறுத்தலாம்?

மறுமொழி 1:
அபிலீனில் கட்டாயம் இறங்குங்கள். நீங்கள் ஓட்டிச் செல்லும் சாலைக்கும் அந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் பிறந்தது டெக்சாஸில் என்றாலும் வளர்ந்தது அபிலீனில்தான். 1919இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட ராணுவ வண்டித் தொடரில் இளம் அதிகாரியாக அவரும் சென்றார். சேற்றில் புதைந்தும் பாலங்களை உடைத்தும் அந்த அணி கரைசேர 62 நாட்கள் ஆயின. அந்தப் பயணமும், பின்னர் ஜெர்மனியில் கண்ட அகன்ற சாலைகளுமே தம்மைச் சிந்திக்க வைத்தன என்று அவரே எழுதியிருக்கிறார். அதிபரான பின் 1956இல் அவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டத்தின் வழியாக வந்ததுதான் ஐ-70. பெற்றோரும் ஆறு ஆண் பிள்ளைகளும் வாழ்ந்த சின்னஞ்சிறு வீடு கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அதே வளாகத்தில் அவரும் மனைவி மேமியும், மூன்று வயதில் இறந்த மூத்த மகனும் அடக்கமாகியிருக்கிறார்கள்.

மறுமொழி 2:
மகளுக்காக நான் சொல்வது பர்டெட். ஐ-70இல் உள்ள ஹேஸ் நகருக்குத் தெற்கே, கே-156 சாலையோரம் இருக்கும் மிகச் சிறிய ஊர். புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைடு டோம்பா இங்கேதான் பண்ணைப் பிள்ளையாக வளர்ந்தார். ஆலங்கட்டி மழை பயிரை அழித்ததால் கல்லூரிக்குப் போக வழியில்லாமல் போயிற்று. ஆனாலும் பழைய பியூக் காரின் பாகத்தையும் பண்ணை இயந்திரங்களின் உதிரிகளையும் கொண்டு அவரே தொலைநோக்கி செய்தார். தொலைநோக்கிக்காகத் தேய்த்த ஆடியைச் சோதிக்கக் காற்றும் வெப்பமும் அசையாத இடம் வேண்டும் என்பதற்காக நிலத்தடியில் அறை தோண்டினார். வரைந்த செவ்வாய், வியாழன் படங்களை லோவெல் வானாய்வகத்துக்கு அனுப்பியதால் அங்கே வேலை கிடைத்தது. 1930 பிப்ரவரியில், 24 வயதில், புளூட்டோ அவர் கண்ணில் பட்டது. அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியைச் சுமந்த விண்கலம் 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்து சென்றது. ஊரில் சாலையோர வரலாற்றுப் பலகையைத் தவிர பார்க்க அதிகமில்லை. இருந்தாலும் இரவில் அந்தப் பகுதியின் வானத்தை அவள் பார்த்தாக வேண்டும்.

மறுமொழி 3:
பர்டெட்டை மறுக்கவில்லை. ஆனால் ஹேஸுக்கு வடமேற்கே, யுஎஸ் 24 சாலையிலுள்ள நிக்கோடீமஸை விட்டுவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877இல் நிறுவிய ஊர் இது. மரமில்லாத நிலத்தில் குழி தோண்டி அதற்குள் வாழ்ந்தார்கள். அடுத்து வந்தவர்களுக்குத் தூரத்தில் தெரிந்தது, தரைக்குள்ளிருந்து எழுந்த புகை மட்டுமே. முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் உணவு தந்து உதவினர். மாநிலத் தணிக்கையாளராகத் தேர்வான எட்வர்டு மெக்கேப் இங்கே குடியேறியவர். 1954இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி எடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர் வெரில் சுவிட்சர் இவ்வூர்ப் பிள்ளை. ரயில் பாதை விலகிப் போனதால் ஊர் சுருங்கியது. 1996 முதல் தேசிய வரலாற்றுத் தலம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விமானி அமீலியா ஏர்ஹார்ட் பிறந்த ஆச்சிசனையும் சேர்த்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
அது வடக்கே, ஐ-70 பாதையில் வராது. அவர் காணாமற்போன விமானத்தின் வகையில் எஞ்சியிருக்கும் ஒரே விமானம் அங்கே இருப்பதால், அதற்குத் தனியாக ஒருநாள் கொடுங்கள். இந்த முறை முதல் நாள் அபிலீன் பார்த்துவிட்டு பர்டெட்டில் இருட்டும்வரை இருந்து ஹேஸில் தங்குங்கள். மறுநாள் காலை நிக்கோடீமஸ். மேற்கே குட்லேண்டை நெருங்குகையில் நேர மண்டலம் மாறிக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், ஆகவே டென்வருக்கு அவசரப்பட வேண்டியதில்லை.