காய்ந்த எலும்பும் பச்சை எலும்பு போலவே உடைகிறதே?

முனீர்க்கா மாணவி:
தில்லியில் தடயவியல் மானுடவியல் (வழக்குகளுக்காக மனித எலும்புகளை ஆராயும் துறை) முதலாண்டு படிக்கிறேன். பச்சை எலும்பு சாய்வாகவோ சுருளாகவோ உடையும், விளிம்பு வழவழப்பாக இருக்கும். காய்ந்தது சாக்பீஸ் போலக் குறுக்கே, சொரசொரப்பாக உடையும் என்றார்கள். கண்ணால் பார்க்காமல் எனக்கு ஏறாது. கறிக்கடையில் ஆட்டு நல்லி எலும்பு ஆறு கேட்டேன். சூப்புக்குத்தானே என்று கடைக்காரர் கத்தியை ஓங்கிவிட்டார். முழுதாக வேண்டும் என்று அரைகுறை இந்தியில் மன்றாடித் தடுத்தேன். மூன்றை அன்றே சுத்தியலால் உடைத்தேன். மற்ற மூன்றை மொட்டை மாடியில் மே மாத வெயிலில் மூன்று வாரம் போட்டு உடைத்தேன். இரண்டு குறுக்கே போயின. ஒன்று மட்டும் பச்சை எலும்பு மாதிரியே சாய்வாகப் பிளந்திருக்கிறது. என் தவறா, பாடத்தின் தவறா?

பழைய மாணவன்:
இரண்டும் இல்லை, தங்கச்சி. மூன்று வாரமெல்லாம் எலும்புக்கு ஒரு பொழுதா? வெளியே சுக்காகத் தெரியும். உள்ளே மஜ்ஜையின் கொழுப்பும் ஈரமும் அப்படியே இருக்கும். அந்தத் துண்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுக்கும். ஈரமும் கொலாஜன் என்ற புரத நாரும் இருக்கும்வரை எலும்பு சற்று வளைந்துதான் முறியும். இறந்து மாதங்கள் கழித்தும் இந்தப் பச்சைத்தன்மை நிற்கலாம். ஆகவே அறிக்கையில் 'இறப்பை ஒட்டிய முறிவு' என்று எழுதினால் அது எலும்பின் நிலையைச் சொல்கிறது. உயிர் போன நேரத்தை அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு நானே ஒரு பருவத்தேர்வில் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன்.

ஆர்.கே. புரம் அக்கா:
நிறத்தையும் பாருங்கள். மண்ணில் கிடந்த எலும்பு பழுப்பேறும்; தோண்டும்போது மண்வெட்டி பட்டு உடைந்தால் உடைந்த முகம் மட்டும் வெளிறித் தெரியும். மாடியில் காய்ந்ததில் இது கிடைக்காது. சாவுக்கு முந்தைய முறிவு என்று உறுதியாகச் சொல்ல, ஆறத் தொடங்கிய அடையாளம் வேண்டும்: மழுங்கிய விளிம்பு, புதிதாகப் படிந்த எலும்பு. அது கண்ணுக்குத் தெரியவே ஒரு வாரமாவது பிடிக்கும். அடிபட்ட மறுநாள் இறந்தவரின் எலும்பில் அந்தச் சாட்சியைத் தேடிப் பயனில்லை.

முனீர்க்கா மாணவி:
நன்றி அண்ணா, அக்கா. தடவிப் பார்த்தேன், பிசுபிசுக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் எறும்பு மொய்த்த காரணம் இப்போதுதான் புரிகிறது. அடுத்த ஆறையும் பூந்தொட்டி மண்ணில் புதைக்கப் போகிறேன். தொட்டி வீட்டுக்கார அம்மாவுடையது. அவர் வெங்காயம்கூடச் சேர்க்காதவர்.