அழ மறுக்கும் அம்மாவுக்கு உதவி தேவை

என் தம்பி கடந்த ஆவணியில் சாலை விபத்தில் இறந்துவிட்டான். வயது 24. அன்றிலிருந்து அம்மா அழவில்லை, சரியாகத் தூங்குவதும் இல்லை. அடக்க ஆராதனையில் உறவினர் ஒருவர், “உயிர்த்தெழுதலை நம்புகிறவள் அழலாமா?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பேச்சை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிற இயேசுவே, லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டாரே! நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதினார். துக்கமே கூடாது என்றல்ல. வேதாகமத்திலிருந்து யோவான் 11-ஆம் அதிகாரம், 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரம் இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். போதகர் வந்து ஜெபித்தார். மருத்துவர் தந்த மாத்திரையை அம்மா தொடவில்லை. ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்துக்கு வரவும் மறுக்கிறார்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்து, அழுதும் விசுவாசத்தில் நிற்கிற தாய்மார் யாராவது அம்மாவை நேரில் வந்து பார்த்துப் பேச முடியுமா?