பர்மா காலத்து வெள்ளை வளையல்: தந்தமா எலும்பா, விக்கலாமா?

பங்கு_வீட்டுக்காரன்:
வணக்கம் மக்களே, காரைக்குடி பக்கம் எங்க பெரிய வீட்டுல பங்கு பிரிக்கிறோம். அப்பத்தா தவறி ரெண்டு மாசம் ஆகுது, அவங்க அறையில இருந்த டிரங்குப் பெட்டியத் திறந்தா வெள்ளை வளையல் நாலு (இப்ப வெள்ளைன்னு சொல்ல முடியாது, மஞ்சள் பாரிச்சு கிடக்கு, ஒண்ணுல மெல்லிசா விரிசல்), பட்டாணி சைஸ் மணி கோத்த மாலை ஒண்ணு, ரோஜாப்பூ செதுக்கின ப்ரூச், தங்கப் பூண் போட்ட யானைமுடி மோதிரம் ஒண்ணு. ஐயா ரங்கூன்ல லேவாதேவி பண்ணிட்டு இருந்தவங்க, அங்கேருந்து வந்ததுதான்னு அத்தை சொல்றாங்க. இது அசல் தந்தம்தானான்னு வீட்டுலயே எப்படிப் பாக்குறது? பழைய சாமான் வாங்குற ஒருத்தர் வந்து பாத்துட்டு "நூறு வருஷப் பொருள், ஆன்டிக் கணக்குல வரும், எலும்புன்னு போட்டு இன்ஸ்டால தூக்கிடலாம் தம்பி"ங்கிறார். லண்டன்ல இருக்க சித்தப்பா பையன் "எனக்குக் கொடு, இங்க ஏலத்துல விடுறேன்"ங்கிறான். நெட்ல தேடுனா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, குழப்பமா இருக்கு.

சும்மா_இருப்பவன்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை, ஊசியப் பழுக்கக் காய்ச்சி ஒரு குத்து குத்துங்க ப்ரோ. உருகுனா பிளாஸ்டிக், உருகலன்னா தந்தம். முடிஞ்சது.

லூப்_கண்ணாடி:
தயவுசெஞ்சு அந்த ஊசி வேலைய மட்டும் செய்யாதீங்க. அந்தக் காலத்து ப்ரூச், மணியெல்லாம் நெறைய செல்லுலாய்டு, கற்பூரம் சேத்து செய்யுற பழைய காலத்து பிளாஸ்டிக், சூடு பட்டா குப்புனு பத்திக்கும். தந்தமா இருந்தா கருப்பா வடு விழும், எலும்பும் உருகாது, அப்ப ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, குத்தி என்ன புண்ணியம்?

பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டுற லூப் (நகைக்கடைக்காரங்க வச்சிருக்க பூதக்கண்ணாடி) ஒண்ணும் நல்ல வெளிச்சமும் போதும். முதல்ல வளையல எடுங்க. தந்த வளையல்ங்கிறது தந்தத்தக் குறுக்கால அறுத்து எடுத்த வளையம், அதனால வெளிப்பக்கத்த விட மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, அதாவது தரையில படுக்க வச்சா மேல தெரியுற தட்டையான பக்கம் இருக்குல்ல, அங்கதான் அடையாளம் இருக்கும். ஒண்ணையொண்ணு வெட்டிக்கிற வளைஞ்ச கோடுகள், வலை பின்னுன மாதிரி தெரியும், ஷ்ரேகர் கோடுன்னு பேரு. வெளி ஓரத்துல அந்தக் கோடுங்க வெட்டிக்கிற கோணம் 115 டிகிரிக்கு மேல விரிஞ்சிருந்தா யானை, 90-க்குக் கீழ ஒடுங்கியிருந்தா மாமத், அதாவது அழிஞ்சு போன பழைய யானை இனம். உள்பக்கம் போகப் போக யானைத் தந்தத்துலயே கோணம் ஒடுங்கிடும், அதனால வெளி ஓரத்தைத்தான் பாக்கணும். அந்தக் கோடு தெளிவா தெரிஞ்சா வேற சோதனையே வேண்டாம். வேற எந்த மிருகத்துப் பல்லுலயும் எலும்புலயும் அது வராது, பிளாஸ்டிக்ல அப்படியே காப்பியடிச்சு நான் பாத்ததில்ல.

வளையத்தோட வெளிப்பக்கம் லேசா நெளிஞ்ச நீளக் கோடா தெரியும். அந்தக் கோடு அச்சடிச்ச மாதிரி ஒரே இடைவெளியில போச்சுன்னா செல்லுலாய்டு, 'ஃபிரெஞ்ச் ஐவரி'ன்னு வித்தது அதைத்தான். எலும்புல குட்டிக் குட்டிக் கருப்புப் புள்ளி, சின்ன கீறல் மாதிரி இருக்கும், ரத்தக் குழாய் போன துவாரம், அழுக்கு ஏறிக் கருத்திருக்கும். இன்னொண்ணு, எலும்புல முழு வளையல் வெட்ட அகலம் கிடைக்கிறது கஷ்டம், துண்டு துண்டா சேத்து ஒட்டியிருப்பாங்க, இணைப்பு தேடிப் பாருங்க.

மாலையில நூல் போற ஓட்டைப் பக்கத்தப் பாருங்க. நடுவுல அச்சு வார்த்த தையல் ஓடுச்சுன்னா பிளாஸ்டிக். நோட்டு செக் பண்ற யூவி டார்ச் இருந்தா இருட்டுல அடிச்சுப் பாக்கலாம், தந்தம் நீலம் கலந்த வெள்ளையா பளிச்சுன்னு தெரியும். ஆனா எலும்பும் அப்படித்தான் தெரியும், அதனால பிளாஸ்டிக்கைக் கழிக்க மட்டும்தான் அது உதவும். மஞ்சளா இருக்கு, விரிசல் இருக்கு, அதனால பழசுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, டீத்தண்ணியில ஊறப் போட்டே அந்தக் கலரைக் கொண்டு வருவாங்க.

கருப்பு_கோட்டு:
வக்கீலா சொல்றேன், தந்தம்னு ஊர்ஜிதமாயிடுச்சுன்னா இந்தியாவுல விக்கவே முடியாது. நூறு வருஷம், இருநூறு வருஷம், ஐயா காலம், எதுவும் கணக்குல வராது. 'ஆன்டிக்னா விலக்கு'ங்கிறதெல்லாம் வெளிநாட்டு சைட்டுல படிச்சிட்டு இங்க வந்து சொல்றது. நம்ம 1972 வன உயிரினச் சட்டத்துல 1986 திருத்தத்தோட இந்திய யானைத் தந்த வியாபாரம் போச்சு, 1991 திருத்தத்தோட இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தமும் போச்சு. சரி இது மாமத்துன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு பாத்தா அதையும் 2003-ல சுப்ரீம் கோர்ட் அடைச்சிடுச்சு, மாமத் தந்தமும் தடைக்குள்ள வரும்னு தீர்ப்பு.

வச்சிருக்கிறதுக்கே ஓனர்ஷிப் சர்டிபிகேட் வேணும். கையில இருக்கிறத டிக்ளேர் பண்ண 2003-ல கடைசியா 180 நாள் டைம் கொடுத்தாங்க, அப்ப உங்க வீட்டுல யாராச்சும் எழுதிக் கொடுத்தாங்களான்னு பழைய ஃபைல்ல தேடுங்க. இருந்துச்சுன்னா வாரிசா நீங்க வச்சுக்கலாம், ஆனா வந்து சேந்த 90 நாளுக்குள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு டிக்ளரேஷன் கொடுக்கணும். ரெண்டு மாசம் ஓடிடுச்சுங்கிறீங்க, இந்த வாரமே பாருங்க. சர்டிபிகேட் இருந்தாலும் விக்கக் கூடாது, வச்சுக்க மட்டும்தான். வேண்டாம்னா 2022 திருத்தம் வந்ததுலேருந்து அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைக்க வழி இருக்கு, காசு எதுவும் வராது.

சர்டிபிகேட் இல்லன்னா சிக்கல்தான். ஒரு வக்கீலக் கூட்டிக்கிட்டு நீங்களா மாவட்ட வன அலுவலகம் போய் எழுத்துல கொடுங்க. நீங்களா போறதுக்கும் பிடிபடுறதுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இதுல குறைஞ்சது மூணு வருஷம், கூடினா ஏழு வருஷம், அபராதம் குறைஞ்சபட்சம் 25,000. உங்க கையில இருந்தா சட்டவிரோதமா வச்சிருக்கீங்கன்னுதான் எடுத்துப்பாங்க, இல்லன்னு நிரூபிக்கிறது உங்க வேலை.

அந்த மோதிரத்தையும் சேத்துத்தான் சொல்றேன். முடி, நகம், பல்லு எல்லாமே சட்டத்துல வருது. 2023 அக்டோபர்ல கன்னட பிக் பாஸ் வீட்டுக்குள்ள இருந்த ஒருத்தரையே புலிநகம் போட்டிருந்தார்னு வனத்துறை கூட்டிட்டுப் போனது ஞாபகம் இருக்கா? கழுத்துல தொங்குனதை டிவியில பாத்துட்டுத்தான் புகாரே போச்சு. நீங்க இன்ஸ்டால போட்டோ போட்டா நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி.

தேம்ஸ்_தமிழன்:
லண்டன் கதைய நான் சொல்றேன். இங்க 2022 ஜூன் 6-லேருந்து ஐவரி ஆக்ட்ங்கிற தந்த விற்பனைத் தடைச் சட்டம் அமல்ல இருக்கு, 1947-க்கு முந்தின பொருள்ல கன அளவுல பத்து பர்சன்ட்டுக்குக் கம்மியா தந்தம் இருந்தா ரெஜிஸ்டர் பண்ணி விக்கலாம், உதாரணத்துக்கு வெள்ளி டீபாட் கைப்பிடியில சின்னத் துண்டு. முழு வளையல் நூத்துக்கு நூறு தந்தம், அந்தக் கதவு மூடிருச்சு. 1918-க்கு முந்தின அபூர்வ கலைப்பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனா அது மியூசியம் தரத்துக்கு இருக்கணும், அப்பத்தா வளையலுக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க. ஏலக் கம்பெனியும் பேப்பர் இல்லாம தொடவே மாட்டான். ஈபே 2009-லேருந்தே தடை போட்டிருக்கு, அதனாலதான் அங்க பாதிப்பேரு மாட்டெலும்புன்னு எழுதி விக்கிறான், உங்க கடைக்காரர் சொன்ன அதே டெக்னிக், வனவிலங்கு ஆளுங்க அந்த வார்த்தையத்தான் முதல்ல தேடுறாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி சென்னை ஏர்போர்ட்ட விட்டே வெளிய வராது. தம்பிகிட்ட சொல்லி பெட்டியில வைக்கச் சொல்லாதீங்க.

பங்கு_வீட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. லூப் வாங்கிப் பாத்துட்டேன். மூணு வளையல்ல விளிம்புல அந்த வலைக்கோடு நல்லா தெரியுது, விரிசல் விட்டது உட்பட. நாலாவதுல கோடெல்லாம் ஸ்கேல் வச்சு போட்ட மாதிரி இருக்கு, மாலையில ஒவ்வொரு மணிக்கும் நடுவுல தையல் ஓடுது. ப்ரூச் பின்பக்கம் கருப்புப் புள்ளி நெறைய, எலும்புதான் போல. அத்தைக்கு சர்டிபிகேட் பத்தி எதுவும் தெரியல, கணக்குப்பிள்ளை வச்சிருந்த ஃபைல் கட்டு பரண்ல இருக்காம், நாளைக்கு இறக்கணும். கடைக்காரருக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன், "பயந்தாங்கொள்ளி"ன்னு வாய்ஸ் நோட் அனுப்புறார். ஒரே சந்தேகம், மோதிரத்துல இருக்க தங்கப் பூணை மட்டும் கழட்டி உருக்கிக்கலாமா? அரைப் பவுனாச்சும் தேறும்.

கருப்பு_கோட்டு:
தங்கத்தைத் தனியாக் கேட்டுப் பாக்கலாம், ஆனா இப்ப கழட்டாதீங்க. மூணு வளையல், மோதிரம் எல்லாத்தையும் இருக்குற கோலத்துலயே எடை போட்டு, பட்டியல் எழுதி, டிஎஃப்ஓ ஆபீஸ்ல (மாவட்ட வன அலுவலகம்) மனு கொடுத்து அக்னாலட்ஜ்மென்ட் சீல் வாங்குங்க. பூண் தங்கம்னு பட்டியல்லயே தனியா எழுதிடுங்க, பிரிச்சுக் கேக்குறதுக்கு அதுதான் ஆதாரம். ஃபைல் கட்டுல 2003 தேதி போட்ட வனத்துறை கடுதாசி எது கிடைச்சாலும் கிழியாம ஜெராக்ஸ் எடுத்து வைங்க.