அப்டேட்: பிஜி ரூம்ல கிடந்த அந்த சார்ஜர்

தங்கச்சி தங்கியிருக்க பிஜி ரூம்ல யாரோடதுன்னே தெரியாத ஒரு சார்ஜர் பாத்ரூம் கதவ பார்த்த மாதிரி பிளக்லயே இருக்கு, கேமராவா இருக்குமோன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல. ஆமாங்க, கேமராதான். நீங்க சொன்ன மாதிரி லைட்ட ஆஃப் பண்ணிட்டு டார்ச் அடிச்சு பார்த்தா யூஎஸ்பி ஓட்டைக்கு மேல குண்டூசி தலை சைஸ்ல ஒரு புள்ளி பளிச்சுனு மின்னுது, பக்கவாட்டுல மெமரி கார்டு சொருகுற சந்து வேற. சார்ஜருக்கு எதுக்குங்க மெமரி கார்டு?

வைஃபை ஸ்கேன் ஆப்ல ஒண்ணுமே சிக்கல, கார்டுலயே பதியுற டைப்பு நெட்வொர்க்ல வராது, அதனால ஆப்ப மட்டும் நம்பிடாதீங்க ப்ளீஸ்.

கைரேகை அழிஞ்சிடக்கூடாதுன்னு தொடாம வீடியோ மட்டும் எடுத்துட்டு நேரா மகளிர் ஸ்டேஷன் போனோம். பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 77ல, அதாவது பொண்ணுங்கள தெரியாம ஒளிஞ்சு பார்க்குறது, படம் எடுக்குறதுக்கான பிரிவுல எஃப்ஐஆர் போட்டாச்சு, முதல் தடவைன்னாலே 1 வருஷத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில். ஓனர் வந்து "வேணாம்மா, பேரு கெட்டுடும்"ங்கறாரு, எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல, பொண்ணுங்க மானத்த விட அவர் பேரு பெருசா? பக்கத்து ரூம் பொண்ணுங்களும் இப்ப ஸ்மோக் டிடெக்டர், கடிகாரம்னு ஒண்ணுவிடாம பார்த்துட்டு இருக்காங்க. கார்டு லேபுக்கு போயிருக்கு, ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுறேன்.